லார்ச் மரங்கள் பொன்னாகும் எங்கடீன் பள்ளத்தாக்கு: திருக்கோணமலையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் செப்டெம்பரோடு அடங்கிவிடும். விடுதிக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் மூச்சுவிட நேரம் கிடைப்பது ஒக்டோபரில்தான். சுவிஸில் பிள்ளைகளோ சகோதரங்களோ உள்ள குடும்பங்கள் அங்கே போய்வர நினைப்பதும் அந்த மாதத்தில்தான். சுவிஸின் தென்கிழக்கு மூலையில், கிரவ்பூண்டன் மாநிலத்தில், எங்கடீன் என்று ஒரு நீண்ட மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே லார்ச் என்னும் ஊசியிலை மரங்கள் இலை உதிர்க்குமுன் மஞ்சளாகிப் பிறகு பொன்னிறமாகும் காலமும் அதுவே. அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

எந்தத் தேதிக்குப் போனால் நிறம் உச்சத்தில் இருக்கும்?

மேல் எங்கடீனில், அதாவது சென் மொரிட்ஸ், பொன்ட்ரெசினா, சில்ஸ் ஊர்கள் உள்ள 1800 மீற்றர் உயரத்தில், வழக்கமாக ஒக்டோபர் இரண்டாம், மூன்றாம் வாரம். ஆனால் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஏமாறலாம். நிறம் மேலிருந்து கீழே இறங்கும். மர எல்லைக்குப் பக்கத்தில், 2200 மீற்றரில், செப்டெம்பர் கடைசியிலேயே மஞ்சள் தெரியத் தொடங்கும். பள்ளத்தாக்கின் தரை பொன்னாகும்போது மேலேயுள்ள மரங்கள் சில வேளை மொட்டையாகியிருக்கும். கீழ் எங்கடீனில் செர்நெட்ஸ் 1470 மீற்றர், ஸ்குவோல் 1250 மீற்றர். அங்கே மாதக் கடைசி வரைக்கும் நிறம் நிற்கும்.

ஆகவே, பிந்திப் போனவர் கீழே இறங்க வேண்டும், முந்திப் போனவர் மேலே ஏற வேண்டும். விமான ரிக்கெற்றை ஒக்டோபர் 10க்கும் 22க்கும் இடையில் ஐந்து நாளாவது எங்கடீனில் நிற்கிற மாதிரிப் போடுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அந்த ஊர்களின் மலைக் கமராக்களைப் பாருங்கள். சுற்றிச் சுழலும் நேரடிப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றில் முந்தின நாள்களின் படங்களையும் பின்னோக்கிப் பார்க்கலாம். அவற்றைவிட நம்பகமான சோதிடம் இல்லை.

கெடுப்பவை இரண்டு: பலத்த காற்றும், நிறம் முற்றிய பின் வரும் கடும் உறைபனியும். இரண்டும் சேர்ந்து ஒரே இரவு வந்தால் காலையில் பொன்னெல்லாம் பாதையில் கிடக்கும். அதுவும் படந்தான், நீங்கள் தேடி வந்த படமில்லை.

ஊசியிலை மரம் இலை உதிர்க்குமா? சிவப்பு ஏன் இல்லை?

ஊசியிலை மரங்களில் லார்ச் ஒரு விதிவிலக்கு. குளிர்காலத்துக்கு முன் எல்லா ஊசிகளையும் உதிர்த்துவிடும். பகல் குறைந்து குளிர் ஏறும்போது மரம் இலையிலுள்ள சத்துகளைத் தண்டுக்குள் திருப்பி எடுக்கும்; பச்சையம் சிதையும்; அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினொயிட்டு மஞ்சள் வெளியே தெரியும். சிவப்புக்கு வேறொரு நிறமி, அந்தோசயனின், வேண்டும். மேப்பிள் மரம் அதை இலைக்குள் புதிதாக உண்டாக்கும். லார்ச் அப்படிச் செய்வதில்லை. கனடா நாட்காட்டிச் சிவப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல்நாள் கொஞ்சம் முகம் வாடுவார்கள். இரண்டாம் நாள் காலை வெயில் மரத்துக்குப் பின்னாலிருந்து அடிக்கும்போது அந்தக் குறை போய்விடும்.

லார்ச்சுக்கு நடுவே கரும்பச்சையாக நிற்பவை ஆர்வே எனப்படும் பைன் மரங்கள். அவை மாறா. பொன்னுக்கு அழகு கொடுப்பதே அந்தக் கறுப்புத்தான்.

நம்மூரில் இதைப் பார்க்கவே முடியாதா?

இலையுதிர் காலம் என்று ஒன்று இங்கே இல்லை. கடற்கரை வாதுமை மரம் இலையைச் சிவக்கவிட்டு உதிர்ப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அது அந்தோசயனின் வேலை. நாகமரத்தின் சிவப்பு நேர்மாறு: அது துளிரின் நிறம், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். பின்னொளியில் இலையைப் படமெடுக்கப் பழக வாதுமை மரம் மிக நல்லது. பயணத்துக்கு முன் ஒரு காலை அதனடியில் செலவழியுங்கள்.

விசாவுக்கு எப்போது ஓட வேண்டும்?

சுவிஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். ஒக்டோபர் பயணத்துக்கு ஜூன், ஜூலையில் கொழும்பில் நேரம் எடுப்பதுதான் புத்தி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி கட்டாயம். சுவிஸில் உள்ள உறவினர் அழைப்புக் கடிதம் தரும்போது, உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழியும் கேட்கப்படலாம். அதன் வரம்பு 30,000 பிராங்க். அவர்களுக்கு அது சிறிய விசயமல்ல, முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சூரிச்சிலிருந்து எப்படிப் போவது? எங்கே தங்குவது?

சூரிச்சிலிருந்து கூர் நகரம் வரை ஒரு ரயில், ஒன்றேகால் மணி நேரம். அங்கே சிவப்பு நிற மலை ரயிலுக்கு மாறினால் சென் மொரிட்ஸுக்கு இரண்டு மணி நேரம். இந்த ரயில் 65 மீற்றர் உயர லாண்ட்வாசர் பாலத்தின் மேலே வளைந்து நேராக மலைக்குள் நுழையும். கூரிலிருந்து போகும்போது வலது பக்க இருக்கை பிடியுங்கள். அல்புலா எனப்படும் இந்தப் பாதையும், சென் மொரிட்ஸிலிருந்து தெற்கே போகும் பெர்னினா பாதையும் 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னம்.

ரிக்கெற் விசயத்தில் ஒன்று: சுவிஸ் றவல் பாஸ் வெளிநாட்டில் வசிப்போருக்கு மட்டும். உங்களுக்குக் கிடைக்கும், கூட வரும் மகனுக்குக் கிடைக்காது. அவரிடம் பெரும்பாலும் அரைக்கட்டண அட்டை இருக்கும். இரண்டு மூன்று நாள்தான் ரயிலில் போவதென்றால், முன்கூட்டி வாங்கும் சலுகை நாள் ரிக்கெற் மலிவாக வரலாம். பயணம் நெருங்க நெருங்க அதன் விலை ஏறும்.

தங்க சென் மொரிட்ஸ் வேண்டாம், பெயருக்கே காசு. பொன்ட்ரெசினா, சமேடான், செலெரினா பாருங்கள். படமெடுக்கப் போகிறவருக்குப் பொன்ட்ரெசினா வசதி: பெர்னினா ரயில் அங்கிருந்து, ரோசெக் பள்ளத்தாக்குக்குப் பாதையும் அங்கிருந்து. ஒக்டோபர் நடுவுக்குப் பின் கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடைப்பட்ட ஓய்வுக்காலம் தொடங்கும். பல விடுதிகள், கேபிள் கார்கள், மலைக்கடைகள் மூடிவிடும். ஒவ்வொன்றின் கடைசி நாளையும் முன்பே பார்த்துக் குறித்து வையுங்கள். உச்ச நிறமும் மூடல் தேதியும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் வாரம் அது.

எந்த இடங்களை விடக்கூடாது?

ஸ்டாட்ஸ் ஏரி. சென் மொரிட்ஸிலிருந்தோ செலெரினாவிலிருந்தோ காட்டுப்பாதையில் முக்கால் மணி நேரம். சின்ன ஏரி, கறுத்த தண்ணீர், சுற்றிலும் மரம். பெரிய ஏரிகளில் காற்று எழும்பிய பிறகும் இது கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும்.

ரோசெக் பள்ளத்தாக்கு. பொன்ட்ரெசினா ரயில் நிலையத்திலிருந்து 7 கிலோமீற்றர், ஏறக்குறைய இரண்டு மணி நேர நடை, ஏற்றம் மெதுவானது. ஓடையும் லார்ச்சும் முழுத் தூரமும் கூட வரும், முடிவில் பனிமலை. பாதையில் கையை நீட்டினால் சிட்டுகள் வந்து விரலில் குந்தும், அவ்வளவு பழக்கம். அந்தப் படத்துக்கு 1/1000 செக்கனுக்குக் குறையாத வேகம் வையுங்கள். இல்லையென்றால் சிறகு புகையாகிவிடும்.

மொர்டெராட்ச். நிலையத்திலிருந்து பனிப்பாறையை நோக்கிப் போகும் பாதையில் ஆண்டுகள் எழுதிய பலகைகள் நட்டிருப்பார்கள். அந்தந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று காட்டுபவை. பனி போன இடத்தில் இளம் லார்ச்சுகள் முளைத்து மஞ்சளாக நிற்கும். பலகையையும் மரத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கினால் தலைப்பு எழுதத் தேவையில்லை. அதே நிலையத்திலிருந்து மேல்பக்கம் அரை மணி நேரத்துக்குள் மொன்டெபெல்லோ வளைவு: சிவப்பு ரயில், பொன் மரம், பின்னால் பனிப்பாறை. முற்பகலில் போங்கள், பின்னேரம் வெயில் நேரே லென்ஸுக்குள் வரும். ரயில் நேர அட்டவணையைப் போனில் வைத்துக்கொண்டு, வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சட்டத்தைத் தீர்மானித்து நில்லுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இறங்கவே கூடாது.

முயோத்தாஸ் முராய், 2456 மீற்றர். 1907 முதல் ஓடும் கயிற்று ரயில் மேலே கொண்டுபோகும். ஏரிகள் கோவையாகத் தென்மேற்கே நீளும் காட்சி; பின்னேரத்துக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

மான் பார்க்க ஆசையென்றால் சுவிஸ் தேசியப் பூங்காவின் ட்ருப்ச்சூன் பள்ளத்தாக்கு. செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் தொடக்கம் செம்மான் ஆண்கள் கத்தும் காலம். 300 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸில் மான் மிளகளவுதான் வரும். 1914இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் பாதையை விட்டு ஓரடி வைக்கவும் அனுமதியில்லை. விழுந்த கூம்பைக்கூட எடுக்கக் கூடாது.

ஏரியில் மலை தலைகீழாகத் தெரியும் படம் எங்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

நேரம் பிந்திப் போவதால். சில்ஸ், சில்வப்ளானா ஏரிகளில் வெயில் நாள்களில் மலோயா கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று எழும்பும். மற்றப் பள்ளத்தாக்குகளில் பகற்காற்று கீழிருந்து மேலே ஏறும். இங்கே மேலிருந்து கீழே வரும். அதனால்தான் அதற்குத் தனிப் பெயர், மலோயா காற்று. முற்பகல் முடியும் நேரத்தில் தொடங்கி, மதியத்துக்குப் பின் பலக்கும். பட்டம் பிடித்துத் தண்ணீரில் வழுக்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு ஏமாற்றம்.

ஆகவே கரையில் நிற்க வேண்டிய நேரம் விடியலிலிருந்து பத்து மணி வரை. ஒக்டோபர் நடுவில் சூரியன் உதிப்பது ஏழரையளவில், ஆனால் மலை மறைப்பதால் தரைக்கு வெயில் வர இன்னும் ஒரு மணி நேரமும் ஆகலாம். இடையில் ஒரு கட்டம் வரும்: எதிர்க்கரை மரங்களில் வெயில் பட்டிருக்கும், உங்கள் பக்கத் தண்ணீர் நிழலில் கிடக்கும். பிரதிபலிப்பு மிகச் செறிவாக வருவது அந்த இருபது, முப்பது நிமிடந்தான். முக்காலியைத் தாழ்த்தித் தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள். மினுக்கத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் பில்ரர் போட்டிருந்தால் கழற்றுங்கள். அது பிரதிபலிப்பைத்தான் முதலில் அழிக்கும்.

கமராவில் என்ன அமைப்பு வைப்பது?

நிறத்தின் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். சட்டம் முழுக்க மஞ்சள் என்றால் கமரா அதைப் பிழை என்று நினைத்து நீலம் கலந்து ஆற்றிவிடும். பகல் வெளிச்சம், சுமார் 5500 கெல்வின் என்று பூட்டி வையுங்கள். கமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரோ கோப்பாக எடுத்தால் பிறகும் மாற்றலாம்.

பின்னொளியில் பொன் மரத்தை எடுக்கும்போது சிவப்பு நிற அளவு முதலில் எல்லை மீறி விவரம் அழியும். மூன்று நிறங்களின் ஒளியளவையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டினால் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்ரொப் குறையுங்கள். வெறும் வெள்ளை ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும், வீட்டுக்கு வந்து பார்த்தால் மரம் மஞ்சள் பசையாக இருக்கும்.

துவாரம் எப்/8. லென்ஸில் அகலக்கோணத்தைவிட 70–200 மில்லிமீற்றர் அதிகம் உதவும். சரிவிலுள்ள மரங்களை அடுக்கடுக்காக நெருக்கிக் காட்டும். போலரைசர் சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் முழுப் பலன் தரும். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கடும் நீலம். முழுதாகத் திருப்பினால் கறுத்துப்போகும், 24 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் வானத்தின் ஒரு மூலை மட்டும் இருண்டு திட்டாகும். பாதியளவு திருப்புங்கள்.

நண்பகலில் கமராவை மூடிவைக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே வேண்டாம். ஒக்டோபர் நடுவில் திருக்கோணமலையில் உச்சிச் சூரியன் 73 பாகை உயரத்தில் நிற்கும். எங்கடீனில் 35 பாகைதான். அங்கே நண்பகலில் விழும் சாய்வு வெயில், இங்கே காலை எட்டு இருபதுக்கு விழுவது.

போன் மட்டும் போதுமா?

போதும், இரண்டு குறைகளோடு. லார்ச் ஊசி மிக நுணுக்கம்; போனின் இரைச்சல் நீக்கி அதைப் பூசி வரைந்த சித்திரம் ஆக்கிவிடும். விரலால் இழுத்துப் பெருப்பிக்காமல், போனிலுள்ள, தூரத்தை நெருக்கிக் காட்டும் தனி ரெலி லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், ரோ வசதி இருந்தால் திறங்கள். இரண்டாவது: நிழலையெல்லாம் வெளுக்கச் செய்யும் எச்.டி.ஆர். வசதி. மரத்தில் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் ஆர்வே மரங்களின் கறுப்பு திரும்பி வரும்.

ரயில் ஜன்னலுக்குள்ளால் எடுக்கலாமா?

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலின் பெரிய கண்ணாடி திறக்காது, உள்விளக்கும் உங்கள் சட்டையும் படத்தில் விழும். அதே தண்டவாளத்தில் மணிக்கொரு தடவை சாதாரண ரயில் ஓடுகிறது. முன்பதிவு தேவையில்லை, திறக்கக்கூடிய ஜன்னலுள்ள பெட்டிகளும் இருக்கும். கறுப்புச் சட்டை, 1/1000 செக்கன். கையையோ கமராவையோ வெளியே நீட்ட வேண்டாம். சுரங்கம் சொல்லாமல் வரும். மொர்டெராட்ச் பனிப்பாறை, சென் மொரிட்ஸிலிருந்து போகையில் வலது பக்கம்.

குளிர் எப்படி? என்ன உடுப்பு?

விடியலில் பூச்சியத்துக்குக் கீழே 5 பாகை என்பது வியப்பில்லை. நண்பகலில் வெயிலில் நின்றால் ஜக்கெற்றைக் கழற்றுவீர்கள். ஆகவே ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய அடுக்குகள். உடம்போடு ஒட்டுவது பருத்தி பெனியனாக இருக்கக் கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உறைய வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை. இங்கே தேடிக் காசைக் கரைக்காதீர்கள்: சுவிஸில் எல்லா உறவினர் வீட்டிலும் மேலதிக ஜக்கெற் தொங்கும், இல்லாவிட்டால் புரொக்கி எனப்படும் பழைய பொருள் கடையில் வாங்கலாம். சப்பாத்து மட்டும் சொந்தமாக, ஆழமான அடிப்பல் உள்ளதாக, போவதற்கு முன் இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கியதாக வேண்டும். நிழல் விழும் பாதைகளில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் பத்து மணி வரைக்கும் கிடக்கும்.

கமராவுக்குக் குளிர் என்ன செய்யும்?

பற்றரி சீக்கிரம் இறங்கும். மூன்று கொண்டுபோய் இரண்டை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். இறங்கியது போலத் தெரியும் பற்றரி சூடேறியதும் மீண்டும் கொஞ்சம் வேலை செய்யும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையுமுன், வெளியிலேயே கமராவைக் காற்று வெளியேற்றிய சிப் பையில் போட்டு மூடுங்கள். உள்ளே ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். நீர் பையின் மேல் படியும், கமராவில் படியாது. மெமரி காட்டை மட்டும் முன்பே எடுத்துவிடலாம்.

பயணத்துக்கு முன் ஒரு வேலை: கடலோர ஈரத்தில் கிடந்த லென்ஸைக் கைவிளக்கால் ஊடுருவிப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சணம். பின்னொளிப் படங்களில் அது வெளிறிய புகையாக இறங்கும். சென்சர்த் தூசியைப் பார்க்க, வெறும் வானத்தை எப்/16இல் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

1800 மீற்றரில் பெரும்பாலானோருக்கு மூச்சு கொஞ்சம் வாங்குவதோடு சரி. முதல்நாள் நடக்க வைக்காதீர்கள். இருதய வருத்தம், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்களை 3000 மீற்றர் ஏறும் கேபிள் கார்களில் ஏற்றுமுன் வைத்தியரைக் கேளுங்கள். ரோசெக், ஃபெக்ஸ் பள்ளத்தாக்குகளுக்குக் குதிரை வண்டி உண்டு, பருவ முடிவில் அதன் ஓட்டம் குறையும். முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கந்தான் கொடுமை. ரயிலில் மேலே போய் நடந்து இறங்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

சாப்பாடு?

மூடிய மலைக்கடையை நம்பிப் போகாதீர்கள். சோற்றுப் பார்சல் தாங்கும். இடியப்பம் குளிரில் கம்பியாகிவிடும். சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர். ஊர்த் தொட்டிகளில் விழும் தண்ணீர், குடிக்காதே என்று பலகை இல்லாவிட்டால் குடிக்கலாம். கந்தசஷ்டி விரதக்காரர் கடையில் பிட்சோக்கெரி கேளுங்கள்: பக்வீட் மா நூடில்ஸ், உருளைக்கிழங்கு, கோவா, சீஸ். காபுன்ஸ் இலைச்சுருள் பார்க்க மரக்கறி போலிருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி.

ட்ரோன்?

வேண்டாம். தேசியப் பூங்காவில் தடை. சமேடான் விமானத்தளம் பள்ளத்தாக்கின் நடுவிலேயே இருக்கிறது.

மூடுபனி, மழை, பனி வந்தால் பயணம் வீணா?

சூரிச்சில் ஒக்டோபர் மூடுபனியைப் பார்த்துப் பயணத்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பனிக்கூரை வழக்கமாக ஆயிரம் மீற்றர் அளவில் முடிந்துவிடும், எங்கடீன் அதற்கு மேலே வெயிலில் கிடக்கும். முடிவெடுக்குமுன் மலைக் கமராவைப் பாருங்கள். மேகம் மூடிய நாளில் வானத்தைச் சட்டத்திலிருந்து வெட்டிவிட்டுக் காட்டுக்குள் போங்கள்; ஈரமான அடிமரம் கறுத்து, ஊசி தனியே ஒளிரும். இரவு பனி கொட்டினால் அலாரத்தை இன்னும் முன்னே வையுங்கள்: பொன் மரத்தில் வெள்ளைப் பனி, வெயில் ஏறியதும் இரண்டு மணி நேரத்தில் உருகிச் சொட்டும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். என்ன செய்யலாம்?

சூரிச்சில் ஆறு மணியளவு ரயில். விடியல் ஏரியை மறந்துவிடுங்கள், அது அங்கே தங்குகிறவர்களுக்கு. நேரே மொர்டெராட்ச், பத்தரைக்குள் மொன்டெபெல்லோ வளைவில் இரண்டு ரயில்களைப் பிடியுங்கள். பனிப்பாறைப் பாதையில் பாதித் தூரம், அங்கேயே சாப்பாடு. ஒன்றரைக்குப் பொன்ட்ரெசினா திரும்பி, ஸ்டாட்ஸ் காட்டுப்பாதையில் ஏரிக்கு நடை. சாய்ந்த வெயில் மரங்களுக்கு ஊடாக வரும் நேரம். நாலரைக்கு முயோத்தாஸ் முராய் அடிவார நிலையத்தில் நிற்க வேண்டும். சூரியன் மறைவது ஆறரையளவில். மேலே ஏறியதும் முதல் வேலையாக இறங்கும் கயிற்று ரயில் நேரத்தையும் சூரிச்சுக்குக் கடைசி ரயிலையும் போனில் அலாரமாகப் போடுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அதற்குப் பிறகு போகிறவர்கள் ஸ்டாட்ஸ் ஏரியைக் கழித்துவிட்டு மேலே மூன்றரைக்கே ஏறிவிடுங்கள்.